தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் புல்லாங்குழல் ஆசிரியரைத் தேடி வகுப்பில் சேர்வது: முழுமையான வழிகாட்டி

நாற்பது வயதில் தனக்காகக் கற்க நினைப்பவருக்கும், பிள்ளையைச் சேர்த்துவிட நினைக்கும் பெற்றோருக்கும் இது பொருந்தும். இரு தரப்பும் தடுக்கி விழும் இடம் ஒன்றுதான். முதலில் குழலை வாங்கிவிட்டு, அப்புறம் அதற்கேற்ற ஆசிரியரைத் தேடுகிறார்கள். கீழே உள்ள வரிசையில் குழல் வாங்குவது ஆறாவது வேலை. அதை முன்னால் இழுக்காமல் இருந்தாலே பாதிச் செலவும் பாதி எரிச்சலும் குறையும்.

1. எந்தப் பாணி என்று முதலில் முடிவு செய்யுங்கள்

கடையில் "புல்லாங்குழல்" என்று கேட்டால் இரண்டு வேறு வாத்தியங்கள் கிடைக்கும். கர்நாடகக் குழலில் ஊது துளை போக 8 துளைகள் இருக்கும். வழக்கமாக அதில் கடைசித் துளையை விரல் மூடுவதே இல்லை. இந்துஸ்தானி பான்சுரியில் 6 அல்லது 7 துளைகள். கர்நாடகத்தில் ஊது துளைக்கு அடுத்த இரண்டு துளைகளை மூடினால் ஸட்ஜம் (ஸ்வர வரிசையின் முதல் ஸ்வரமான "ஸ") வரும். பான்சுரியில் மூன்றை மூட வேண்டும்.

ஒரு விரல்தானே வித்தியாசம் என்று நினைக்க வேண்டாம். முதல் மாதத்தில் விரல் எதைப் பழகுகிறதோ அதுவே கையில் தங்கிவிடும். பிற்பாடு மாற்றுவது புதிதாகக் கற்பதைவிடக் கடினம்.

தர்மபுரி, கிருஷ்ணகிரி நகரங்களில் தேடினால் பெரும்பாலும் கர்நாடகப் பாணிதான் கிடைக்கும். ஓசூரில் பெங்களூர் பக்கம் என்பதால் இந்துஸ்தானி கற்றுத் தருபவரும் அமையலாம். "எனக்கு சினிமாப் பாட்டு வாசித்தால் போதும்" என்பவர்கள் எந்தப் பாணியில் சேர்ந்தாலும் அங்கே போய்ச் சேரலாம். இரண்டையும் கலந்து மட்டும் தொடங்காதீர்கள்.

2. தேடப் புறப்படும் முன் தயாராக வைத்திருக்க வேண்டியவை

வாரத்தில் எந்த இரண்டு நாள், எந்த நேரம் என்பது எழுத்தில் இருக்கட்டும். ஓசூர் சிப்காட்டில் ஷிஃப்ட் வேலை பார்ப்பவர்கள் இதை வீட்டிலேயே யோசித்துவிட வேண்டும். வாரத்துக்கு வாரம் நேரம் மாறும் மாணவரை ஆசிரியர் இரண்டு மாதம் பொறுத்துக்கொள்வார், மூன்றாவது மாதம் தட்டிக் கழிப்பார்.

எவ்வளவு தூரம் போக முடியும் என்பதையும் நேர்மையாகக் கணக்குப் பாருங்கள். தர்மபுரிக்கும் கிருஷ்ணகிரிக்கும் இடையே சுமார் 45 கிலோமீட்டர், கிருஷ்ணகிரிக்கும் ஓசூருக்கும் சுமார் 50. ஊத்தங்கரையிலிருந்தோ அரூரிலிருந்தோ வாரம் இருமுறை ஓசூர் போய் வருவது ஆர்வம் இருக்கும் வரைதான் நடக்கும். வாரம் ஒரு நேர் வகுப்பு, மற்றது ஆன்லைன் என்று பிரிப்பது உருப்படியான வழி.

குழந்தை என்றால் மூன்று விஷயம் பார்க்கவும். விரல் துளைகளுக்கு எட்ட வேண்டும், மேல் முன்பற்கள் விழுந்து முளைக்கும் நேரமாக இருக்கக் கூடாது, இருபது நிமிடம் ஒரே இடத்தில் உட்காரும் பழக்கம் இருக்க வேண்டும். வயதை மட்டும் வைத்து முடிவு செய்வதைவிட இவற்றை வைத்து முடிவு செய்வது நல்லது. ஆஸ்துமா போன்ற தொந்தரவு இருந்தால் முதலில் டாக்டரிடம் ஒரு வார்த்தை.

போனில் சுருதி ஒலிக்கும் ஒரு தம்பூரா ஆப், ஒரு நோட்டு. இப்போதைக்கு வேறு எதுவும் வேண்டாம்.

3. எங்கே தேடுவது

இந்த வட்டாரத்தில் குழல் ஆசிரியர்கள் பலகை மாட்டி உட்கார்ந்திருப்பது அரிது. இணையத்தில் தேடினால் வருவது பெரும்பாலும் கீபோர்டு, கிட்டார் வகுப்புகள். "குழலும் உண்டு" என்று ஒரு வரி போட்டிருப்பார்கள். அந்த ஒரு வரியை நம்பிப் பணம் கட்டக் கூடாது. அங்கே குழல் எடுப்பவர் யார், அவர் எந்த நாட்களில் வருவார் என்று கேட்டால் உண்மை தெரிந்துவிடும்.

முதலில் கேட்க வேண்டியது பரதநாட்டிய ஆசிரியர்களை. சலங்கை பூஜைக்கும் அரங்கேற்றத்துக்கும் அவர்கள் குழல் கலைஞரை அழைத்துதான் ஆக வேண்டும். எனவே எந்த ஊரில் யார் வாசிக்கிறார், நேரத்துக்கு வருபவர் யார், பிள்ளைகளிடம் பொறுமையாக இருப்பவர் யார் என்பதெல்லாம் அவர்களுக்கு அத்துப்படி. மிருதங்க ஆசிரியர்களும் அப்படியே. ஒரே மேடையில் பக்கத்தில் உட்கார்ந்து வாசித்தவர் சொல்லும் பெயருக்கு எடை அதிகம்.

அடுத்தது கோயில். தர்மபுரி என்றால் கோட்டைக் கோயில், குமாரசாமிப்பேட்டை முருகன் கோயில். ஓசூர் என்றால் மலைமேல் சந்திரசூடேஸ்வரர். இங்கெல்லாம் நவராத்திரியிலும் மார்கழி பஜனையிலும் வாசிப்பவர்களை விசாரியுங்கள். நாதஸ்வர வித்வான்களிடமும் கேட்கலாம். வாத்தியம் வேறு என்றாலும் அவர்களுக்குள் தொடர்பு உண்டு.

கிருஷ்ணகிரியில் மாவட்ட அரசு இசைப்பள்ளி இருக்கிறது. பலர் நேராக அங்கே போய்க் குழல் வகுப்பு கேட்டு ஏமாந்து திரும்புகிறார்கள். மாவட்ட இசைப்பள்ளிகளில் வழக்கமாக நடப்பது குரலிசை, நாதஸ்வரம், தவில், தேவாரம், பரதநாட்டியம், வயலின், மிருதங்கம். குழல் அந்தப் பட்டியலில் வராது. ஆனாலும் போன காலோடு அங்குள்ள குரலிசை ஆசிரியரிடம் பேசிவிட்டு வாருங்கள். தனியாக வகுப்பு எடுப்பவர் யாரென்று சொல்ல அங்கே ஆள் இருக்கும்.

கிருஷ்ணகிரி மாங்கனிக் கண்காட்சி போன்ற இடங்களில் மாலையில் கலை நிகழ்ச்சி நடக்கும். மேடையில் குழல் வாசித்தவரை நிகழ்ச்சி முடிந்ததும் பார்த்து நம்பர் வாங்குவது தவறே இல்லை. அவர் வாசித்ததைக் கேட்டுவிட்டல்லவா கேட்கிறீர்கள்.

இரண்டு மூன்று பெயர்களாவது கையில் வரும் வரை யாரிடமும் "சேர்ந்துவிடுகிறேன்" என்று சொல்ல வேண்டாம். விஜயதசமியன்று தொடங்க ஆசை என்றால் ஒரு மாதம் முன்பே தேடலை ஆரம்பியுங்கள். சரஸ்வதி பூஜை அன்று போன் செய்தால் எல்லா ஆசிரியருக்கும் அன்று நூறு போன்.

4. போனில் பேசுவது

முதல் போனிலேயே கட்டணத்தை மட்டும் கேட்டு வைத்துவிடுவது பரவலான பழக்கம். ஆசிரியருக்கும் அதோடு ஆர்வம் போய்விடும். இப்படிப் பேசிப் பாருங்கள்:

"வணக்கம் சார். பென்னாகரம் ரோட்டிலிருந்து பேசுறேன். டான்ஸ் டீச்சர் உங்க நம்பர் கொடுத்தாங்க. பையன் ஆறாவது படிக்கிறான், புல்லாங்குழல் கத்துக்கணும்னு சொல்றான். பாட்டும் கத்துக்கிட்டதில்ல, புதுசுதான். ஒரு நாள் வந்து உங்களைப் பார்க்கலாங்களா?"

யார் அனுப்பினார்கள், யாருக்காக, எந்த நிலை என்று மூன்றும் இதில் வந்துவிட்டன. "இன்னும் குழல் வாங்கல சார், நீங்க சொன்ன பிறகு வாங்கிக்கலாம்னு இருக்கோம்" என்று கடைசியில் ஒரு வரி சேர்த்தால் நல்ல ஆசிரியருக்கு மனம் குளிர்ந்துவிடும்.

அதே போனில் கேட்க வேண்டியது இன்னும் இரண்டு. தனி வகுப்பா, கூட்டு வகுப்பா? வகுப்பு எத்தனை நிமிடம்? ஓசூர்ப் பக்கம் என்றால் எந்த மொழியில் சொல்லித் தருவார் என்பதும் முக்கியம். தெலுங்கிலோ கன்னடத்திலோ சொன்னாலும் ஸ்வரம் மாறாது. நோட்டில் எழுதித் தருவதைப் பிள்ளை படிக்க முடிய வேண்டும், அவ்வளவுதான்.

5. முதல் சந்திப்பும் மாதிரி வகுப்பும்

இதைத் தவிர்த்துவிட்டு நேராகச் சேர்பவர்கள்தான் இரண்டாம் மாதம் வகுப்பை விட்டு நின்றுவிடுகிறார்கள். ஒரு வகுப்புக்குத் தனியாகப் பணம் கொடுத்தாவது மாதிரி வகுப்பு பாருங்கள். முடிந்தால் அவர் வேறொரு மாணவருக்கு எடுக்கும் வகுப்பில் ஓரமாக உட்கார அனுமதி கேளுங்கள்.

அங்கே கவனிக்க வேண்டியது ஆசிரியரின் கண் எங்கே இருக்கிறது என்பதை. குழலில் பிழை மூன்று இடத்தில் ஒளிந்திருக்கும்: உதடு, விரல், மூச்சு. புது மாணவருக்குச் சத்தம் வராதபோது நல்ல ஆசிரியர் "ஊது, ஊது" என்று சொல்லிக்கொண்டே இருக்க மாட்டார். மாணவரை ஊதச் சொல்லித் தன் விரலால் துளைகளை மூடிப் பார்ப்பார். இப்போது ஸ்வரம் வந்தால் குறை மாணவரின் விரலில். அப்போதும் காற்று மட்டும் வந்தால் குறை உதட்டில். அரை நிமிட வேலைதான். இதைச் செய்யும் ஆசிரியர் கிடைத்தால் இன்னொருவரைத் தேடி அலைய வேண்டாம் என்பது என் கருத்து.

தம்பூராவோ சுருதிப் பெட்டியோ இல்லாமல் வகுப்பு நடந்தால் யோசியுங்கள். குழலை உதட்டில் கொஞ்சம் உள்ளே திருப்பினால் சுருதி இறங்கும், வெளியே திருப்பினால் ஏறும். பின்னணியில் சுருதி ஒலிக்காமல் பழகும் மாணவருக்கு ஸ்வரம் எங்கே நிற்கிறது என்றே தெரியாது. ஒரு வருடம் கழித்து வேறு ஆசிரியரிடம் போனால் முதலிலிருந்து.

தயங்காமல் கேட்க வேண்டியவை: யாரிடம் கற்றீர்கள், இப்போதும் மேடையில் வாசிக்கிறீர்களா, முதல் ஆறு மாதம் என்ன பாடம். "யாரிடம் கற்றீர்கள்" என்று கேட்பதை மரியாதைக் குறைவாக இங்கே யாரும் எடுத்துக்கொள்வதில்லை. குருவின் பெயரைச் சொல்வதில் கலைஞர்களுக்குப் பெருமைதான். தேர்வு எழுதிச் சான்றிதழ் வாங்கும் எண்ணம் இருந்தால் அதையும் இப்போதே சொல்லிவிடுங்கள், பாடத்தின் வேகம் அதைப் பொறுத்து மாறும்.

முகூர்த்த மாதங்களில் வகுப்பு எப்படி என்று கேட்க மறக்க வேண்டாம். மேடைக் கலைஞர் என்றால் தையிலும் வைகாசியிலும் ஆவணியிலும் கல்யாண நிகழ்ச்சிகளுக்குப் போவார், வகுப்பு தள்ளிப்போகும். முன்கூட்டியே தெரிந்தால் வருத்தமில்லை.

குழந்தையின் வகுப்பு என்றால் முதல் சில வாரம் பெற்றோர் ஒருவர் கூடவே உட்காருங்கள். வகுப்பு வீட்டின் முன்னறையில், கதவு திறந்த நிலையில் நடக்கட்டும். இதற்குச் சம்மதிக்காத இடத்தில் சேர்க்கவே வேண்டாம். உட்காருவதில் இன்னொரு லாபமும் உண்டு: வீட்டில் சாதகம் (பயிற்சி) செய்யும்போது என்ன சொன்னார் என்று நினைவுபடுத்த ஒரு ஆள் இருக்கும்.

கட்டணத்தைக் கடைசியில் பேசுங்கள். மாதக் கணக்கா வகுப்புக் கணக்கா, அவர் வராத நாளுக்கு மாற்று வகுப்பு உண்டா, நீங்கள் போகாத நாளுக்கு என்ன, வீட்டுக்கே வந்தால் கூடுதலா என்று நான்கும் தெளிவாகட்டும். ஓசூரில் கேட்கும் தொகையும் பாலக்கோட்டில் கேட்கும் தொகையும் ஒன்றாக இருக்காது, ஒப்பிட்டுப் பேரம் பேசுவதில் அர்த்தமில்லை. ஆறு மாதக் கட்டணத்தை மொத்தமாகக் கேட்டால் மட்டும் "முதல் மாதம் பார்த்துவிட்டுத் தருகிறோம் சார்" என்று சொல்லிவிடுங்கள். முதல் வகுப்பன்று வெற்றிலை பாக்கு, பழத்தோடு தட்சிணை வைப்பது வழக்கம். அது கட்டணத்தில் சேராது.

6. இப்போது குழல் வாங்குங்கள்

ஆசிரியர் சொல்லும் கட்டையைத்தான் வாங்க வேண்டும். கட்டை என்பது குழலின் சுருதியைக் குறிக்கும் எண். கட்டை எண் குறையக் குறையக் குழல் நீளமாகும், துளைகள் விலகும், மூச்சும் அதிகம் தேவைப்படும். எண் கூடினால் குழல் குட்டையாகும். பெரியவர்கள் பலர் 5 கட்டை அருகில் தொடங்குவார்கள். சின்னக் கைக்கு அதைவிடக் கூடிய கட்டை வேண்டியிருக்கும். கூட்டு வகுப்பில் எல்லோரும் ஒரே கட்டையில் இருந்தால்தான் சேர்ந்து வாசிக்க முடியும், அதனாலும் ஆசிரியரைக் கேட்காமல் வாங்கக் கூடாது.

ஒகேனக்கல்லில் ஆடிப்பெருக்குக்கு விற்கும் வண்ணக் குழலை வாங்கி வந்து "இதில் பழகட்டும், அப்புறம் நல்லது வாங்கலாம்" என்பார்கள். அந்தக் குழலில் சுருதி சேராது, பிள்ளைக்குச் சத்தமும் வராது. தனக்குத்தான் வரவில்லை என்று பிள்ளை நினைத்துக்கொள்ளும்.

ஆன்லைன் கடையில் "ஜி" என்று போட்டிருப்பதை 5 கட்டை என்று நம்பி வாங்குவது அடுத்த பிழை. மேற்கத்திய முறையில் 5 கட்டைக்கு ஜி என்று பெயர், அது சரிதான். ஆனால் அது 6 துளை பான்சுரியாக இருந்தால் மூன்று துளை மூடினால்தான் ஜி வரும். உங்கள் ஆசிரியரின் விரல் முறைக்கு அது உதவாது. கர்நாடகக் குழல், 8 துளை, இத்தனை கட்டை என்று மூன்றையும் சொல்லிக் கேளுங்கள். அதைவிட எளிது, ஆசிரியர் வழக்கமாக வாங்கும் குழல் செய்பவரிடமே சொல்லி வாங்குவது.

குழல் கைக்கு வந்ததும் பார்க்க வேண்டியவை: வெளிச்சத்தில் பிடித்து மயிரிழை விரிசல் இருக்கிறதா, ஊது துளையின் விளிம்பு பிசிறில்லாமல் கூராக இருக்கிறதா, துளைகள் நேர்கோட்டில் இருக்கின்றனவா. அப்புறம் ஆசிரியரிடம் கொடுத்து ஊதிப் பார்க்கச் சொல்லுங்கள். குழல் குளிர்ந்திருந்தால் சுருதி இறங்கி நிற்கும். மார்கழிக் காலையில் தளி, தேன்கனிக்கோட்டைப் பக்கம் இது நன்றாகவே தெரியும். சிறிது நேரம் ஊதிச் சூடேற்றிய பிறகு ட்யூனர் ஆப்பைப் பாருங்கள், அதற்குள் "குழல் சரியில்லை" என்று திருப்பி அனுப்பிவிட வேண்டாம்.

சித்திரை வெயிலில் பைக் பெட்டியிலோ நிறுத்தி வைத்த காரிலோ குழலை விட்டால் மூங்கில் வெடிக்கும். துணிப்பையில் போட்டு நிழலில் வையுங்கள். எண்ணெய் தடவுவது பற்றி ஒவ்வொருவரும் ஒன்று சொல்வார்கள், உங்கள் ஆசிரியர் சொல்வதை மட்டும் செய்யுங்கள். அண்ணன் தம்பியாக இருந்தாலும் ஆளுக்கு ஒரு குழல்.

7. முதல் மாதம்

முதல் சில நாள் துளை எதையும் மூடாமல் ஊதுவதுதான் பாடம். கீழுதடு ஊது துளையின் ஓரத்தை லேசாக மூட, காற்று எதிர் விளிம்பில் பட்டுப் பிளக்க வேண்டும். அங்கேதான் நாதம் பிறக்கிறது. பலமாக ஊதினால் சத்தம் வரும் என்று கன்னத்தை உப்பவைப்பவர்களுக்குக் காற்றுச் சத்தம் மட்டுமே வரும். மெல்லிய காற்று, சரியான கோணம். கண்ணாடி முன் நின்று பழகினால் உதடு ஒரு பக்கம் கோணுவது உடனே தெரியும்.

தலை சுற்றும். புதிதாக ஊதும் எல்லோருக்கும் வரும். குழலைக் கீழே வைத்துவிட்டு இரண்டு நிமிடம் சும்மா இருங்கள். வெறும் வயிற்றில் அரைமணி நேரம் தம் கட்டி ஊதுவதில் வீரம் ஒன்றுமில்லை.

சத்தம் நிலையாக வந்த பிறகு முதல் துளை, அடுத்து இரண்டாவது. இரண்டும் மூடினால் ஸட்ஜம். தம்பூராவோடு சேர்த்து ஒரே மூச்சில் நீளமாகப் பிடிக்கப் பழகுங்கள். விரலின் சதைப்பகுதி துளையை முழுதாக மூட வேண்டும். நுனியால் குத்தி மூடினால் ஓரத்தில் காற்றுக் கசியும், ஸ்வரம் கீச்சிடும். விரலை அழுத்திப் பிடித்தால் கை இறுகும், வேகம் வரும்போது விரல் எழாது. இடது கைப் பழக்கம் உள்ளவர்கள் எந்தப் பக்கம் பிடிப்பது என்று முதல் நாளே கேட்டு முடிவு செய்துகொள்ளுங்கள்.

அடுத்து சரளி வரிசை, அதாவது ஸ்வரங்களை வரிசையாக வாசிக்கும் ஆரம்பப் பாடம். வழக்கமாக மாயாமாளவகௌளை ராகத்தில்தான் தொடங்கும். ஆனால் அதன் சுத்த ரிஷபத்துக்கு (தாழ்ந்த "ரி") குழலில் துளையைப் பாதி மூட வேண்டும், புது விரலுக்கு அது சிரமம். அதனால் சில ஆசிரியர்கள் முழுத் துளை ஸ்வரங்கள் அதிகம் வரும் ஹரிகாம்போதி போன்ற ராகத்தில் தொடங்கிவிட்டு அப்புறம் மாயாமாளவகௌளைக்கு வருவார்கள். பக்கத்து வீட்டுப் பிள்ளை வேறு ராகத்தில் தொடங்கியது என்று ஆசிரியரிடம் சண்டைக்குப் போக வேண்டாம். பிறகு ஜண்டை வரிசை, அலங்காரம், கீதம் என்று போகும். ஸ்வரத்தை வாயால் பாடி, கையால் தாளம் போட்டு, அதற்குப் பிறகு குழலில் வாசிப்பதே வரிசை. பாடாமல் வாசிப்பவர் விரலை மட்டும் மனப்பாடம் செய்கிறார், ஒரு விரல் தவறினால் திரும்பிச் சேர வழி தெரியாது.

சாதகம் தினமும் இரண்டு வேளை, கால்மணி நேரம் போதும். ஞாயிற்றுக்கிழமை மட்டும் இரண்டு மணி நேரம் ஊதினால் உதடு மரத்துப்போவதுதான் மிச்சம். "எப்ப சார் பாட்டு வரும்?" என்ற கேள்வியை மூன்று மாதத்துக்கு ஒத்திவையுங்கள். யூடியூபைப் பார்த்துச் சினிமாப் பாட்டை இடையில் பழகினால் விரல் முறை கெடும், வகுப்பில் அடுத்த வாரம் ஆசிரியருக்கு அது தெரிந்தும்விடும்.

8. ஆன்லைனில் சேர்ந்தால்

ஆசிரியர் அருகில் அமையாத போச்சம்பள்ளி, பென்னாகரம் போன்ற இடங்களுக்கு இதுதான் வழி. ஆனால் உதடும் பிடியும் சரியாகும் வரை முதல் சில வகுப்புகளாவது நேரில் போய் வாருங்கள். கேமராவில் உதட்டின் கோணத்தைத் திருத்துவது ஆசிரியருக்கும் கஷ்டம்.

ஜூம் போன்ற ஆப்கள் இரைச்சலை வடிகட்டும். நீளமாகப் பிடிக்கும் குழல் ஸ்வரத்தையும் இரைச்சல் என்று எண்ணி வெட்டிவிடும். மாணவர் ஒழுங்காக வாசித்திருப்பார், ஆசிரியருக்கோ விட்டு விட்டுக் கேட்கும். ஜூமில் அசல் ஒலி என்ற அமைப்பைப் போட்டுவிட்டால் இது தீரும். போனை எதிரே வைக்காமல் கொஞ்சம் பக்கவாட்டில், உதடும் விரலும் சேர்ந்து தெரியும்படி வையுங்கள். ஒலி தாமதமாக வருவதால் இருவரும் சேர்ந்து வாசிக்க முடியாது. ஆசிரியர் வாசித்து முடித்ததும் நீங்கள் திருப்பி வாசிக்க வேண்டும்.

9. மூன்று மாதம் கழித்து

ஸட்ஜம் சுருதியில் நிற்கிறதா, சரளி வரிசை ஆதி தாளத்தில் இரண்டு காலத்தில் (வேகத்தில்) வருகிறதா, பிள்ளை தானாகக் குழலை எடுக்கிறதா என்று பாருங்கள். சாதகம் ஒழுங்காக நடந்தும் முதல் இரண்டும் வரவில்லை என்றால் ஆசிரியரிடமே கேளுங்கள். பல சமயம் கட்டையை மாற்றினாலே சரியாகிவிடும்.

பரீட்சை மாதத்தில் வகுப்பை அடியோடு நிறுத்துவதைவிட வாரம் ஒன்றாகக் குறைப்பது நல்லது. உதட்டின் பிடி சில வாரங்களில் தளர்ந்துவிடும்.

ஆசிரியரை மாற்றத்தான் வேண்டும் என்றால் போனை எடுக்காமல் இருந்து நழுவாதீர்கள். இந்த இரண்டு மாவட்டத்திலும் வாசிப்பவர்கள் ஒருவரை ஒருவர் அறிவார்கள். பாக்கிக் கட்டணத்தைக் கொடுத்துவிட்டு, நேரில் போய்ச் சொல்லிக்கொண்டு வாருங்கள். புது ஆசிரியரிடம் பழைய நோட்டைக் காட்டி, எந்த வரிசை வரை வந்திருக்கிறது என்பதைச் சொல்லிவிட்டு, அவர் விரும்பினால் முதலிலிருந்து தொடங்கவும் தயாராகப் போங்கள்.